விளிம்பில் போட்ட துளை

தகட்டில் இருபத்தேழு என்ற எண்ணைப் பார்த்ததும் போல்ட்காரர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பாறையின் பாதி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இருபத்தேழேதான். அது அவர் மகளுடைய எண்.

பாறை ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்டிக்கொள்வதற்காகத் துளை போட்டு போல்ட் இறக்குவதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் பிழைப்பு. போல்டை இறக்கியவர், தன் எண் பொறித்த தகட்டை அதில் மாட்டி நட்டை முடுக்கவேண்டும் என்பது தொழிலில் விதி. அப்பாவுக்கு எண் மூன்று. இரண்டு வருடத்துக்கு முன் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கயிற்றில் தொங்கி இந்தப் பாறையில் நாற்பது போல்ட் இறக்கினார்கள். எது யார் கைவேலை என்று தகட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

நேற்று மதியம் ஒருவன் கால் வழுக்கி இந்த போல்டில் தொங்கினான். அவன் தப்பித்துவிட்டான். ஆனால் போல்ட் பாதி வெளியே வந்து, பாறை விளிம்பு பெயர்ந்து, கீழே அவனுக்குக் கயிறு பிடித்திருந்த பள்ளி ஆசிரியரின் முதுகில் விழுந்தது. இனி அவர் எழுந்து நடப்பாரா என்று கேட்டால் டாக்டர்களே கையை விரிக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு விசாரணைக் குழு வருகிறது; அதற்குமுன் அது யார் இறக்கிய போல்ட் என்று பார்த்துவிடத்தான் அவர் இருட்டோடு ஏறியிருந்தார். லைசென்ஸ் போவது ஒரு பக்கம், வழக்கு என்று வந்தால் கம்பி எண்ணவேண்டியதுதான். மகளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது.

பயத்தோடு அவருக்குக் கோபமும் வந்தது. விளிம்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளித் துளை போடவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இங்கே நான்கு விரல்கூட இல்லை. முப்பது வருடத்தில் தான் இறக்கிய ஒரு போல்ட்கூட அசைந்ததில்லை என்ற கர்வம் வேறு அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

“கண்ண எங்க வச்சிருந்தா இவ?” என்று பாறையிடமே கேட்டார்.

நேற்று சாயங்காலம் ஆசிரியரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், திரும்பி வந்ததிலிருந்து முகம் கொடுத்தே பேசவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் என்று அவருக்கு இப்போது புரிந்தது. பெற்ற வயிறு மட்டுமா எரியும், பெற்ற அப்பனுக்கும் எரிந்தது.

பையில், பழுதுபார்க்கும்போது கழற்றிய அவருடைய பழைய தகடுகள் இரண்டு மூன்று கிடந்தன. ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்பேனரை வைத்தார். மழையிலும் வெயிலிலும் கிடந்த நட்டு முரண்டு பிடிக்கும் என்று பார்த்தால், இரண்டே சுற்றில் கையோடு வந்துவிட்டது. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு இருபத்தேழைக் கழற்றி மூன்றை மாட்டினார்.

ஒன்பது மணிக்குக் குழுத் தலைவி இரண்டு ஆட்களோடு வந்தார். மகளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தூங்காத முகம், ஆனால் அதில் ஏதோ ஒரு தீர்மானம் இருந்தது.

மேலே ஏறிய ஆள் தகட்டைப் படம் பிடித்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

“நம்பர் மூணு, மேடம்.”

மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் போல்ட்காரர் முன்னால் வந்துவிட்டார்.

“அது நான் எறக்குனதுங்க. எம் பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

தலைவி எழுதிக்கொண்டார். லைசென்ஸைக் கேட்டார், கொடுத்தார். கையெழுத்துக் கேட்டார், போட்டார். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தலைவி கார் பக்கம் போனதும் மகள் அவர் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அழாதே என்று சொல்லிவிட்டு, அவள் காதோரம் குனிந்தார்.

“நீ பண்ண தப்பு என்னோட போகட்டும். விடியறதுக்குள்ள ஏறி உன் தகட்ட எடுத்துட்டு என்னோடத மாட்டிட்டேன்.”

மகள் அவரை வெறித்துப் பார்த்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது.

“நேத்து நான் ஏறி மாத்துறப்போ, அதுல மூணுதான்ப்பா இருந்துச்சு.”