கசாப்புக்காரனின் ஈரல்

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான் ஃபிலெமோன்.

நர்ஸ் கதவைத் தட்டினாள். "தோன் ஃபிலெமோன், டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

மினதித்லான் நகரச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவன் அவன். முழுத் தொடைக்கறியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவான்.

இப்போது அவனுடைய ஈரலிலேயே சீழ்க்கட்டி. மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. வலது விலாவில் சட்டை பட்டாலே உயிர் போனது.

காலையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "மருந்து மட்டும் போதாது. ஊசி விட்டுச் சீழை எடுத்துடலாம். விட்டுவெச்சா உள்ளயே உடைஞ்சிரும், அப்புறம் வயித்தைக் கிழிக்கணும்" என்றார்.

ஊசியின் நீளத்தைப் பார்த்ததும்தான் அவன் கழிப்பறைக்கு ஓடினான்.

வெளியே மனைவி செனைதாவின் குரல். வார்டுக்கே கேட்கும்படி நர்ஸிடம் சொன்னாள்: "அவருக்கு வயித்தால போகுதும்மா. கொஞ்சம் பொறுங்க."

பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, "கையை நான் பிடிச்சுக்கறேன். வா, கிழவா."

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு திறந்தான்.

மரத்துப்போக மருந்து போட்டும் ஊசி இறங்கியபோது அலறிவிட்டான். அவன் நகங்கள் அவள் கையில் பதிந்தன. சாக்லேட் நிறத்தில் சீழ் வந்துகொண்டே இருந்தது. இனிக் கத்தி வேண்டியிருக்காது, மருந்தைத் தொடர்ந்தால் போதும் என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது.

பக்கத்துக் கட்டில் மீன்காரக் கிழவர் சிரித்தார். "என்ன தோனியா செனைதா, கசாப்புக்காரர் போட்ட சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேட்டிருக்குமே?"

"இவரா? அது வேற யாரோ. இவரு மரத்துப்போற மருந்தே வேணாம்னுட்டாரு."

அவன் சட்டையை மடித்தபடியே, குரல் பிசகாமல் சொன்னாள்.

அவன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். காது மடல் எரிந்தது.

மூத்த மகளை அவளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அன்று வழியில் பஸ் பழுதாகிவிட்டதால்தான் அவனால் வர முடியவில்லை என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதே குரலில்தான் சொன்னாள். அவன் சொன்ன அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் சொல்கிறாள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

பஸ் பழுதாகவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, கத்தி என்ற பேச்சு காதில் விழுந்ததும் திரும்பிப் போனவன் அவன்.

அன்று அவள் படுத்திருந்த கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னல் அந்த வாசலைப் பார்த்துத்தான் இருந்தது.