ஒன்பது நாள்

“தப்பே நடக்கலைன்னு நான் எழுத மாட்டேன்க்கா. ஒன்பது நாள் முகாமை விட்டு ஓடிப்போனது ஓடிப்போனதுதான். ஏன் ஓடினாருன்னு சொல்லுங்க, அதை எழுதுறேன்.”

சாரதாம்பாள் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிய முதல் ஆள் அவள். காஜா பேராங்கில் ஒரு சைக்கிள் கடையின் முன்பக்கம் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து எட்டு மாதமாகியும் அரசாங்கத்தோடு பேச இங்கிலீஷ்தான் வேண்டியிருந்தது. அதில் அவளுக்கு எரிச்சல்தான்; ஆனால் அவள் பிழைப்பும் அதில்தான் ஓடியது.

எதிரே மீனாச்சி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மேசைமேல் அவள் கணவன் சேதுராமனின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் தாள். ‘ஒழுங்கீனத்தின் பேரில் நீக்கம்’ என்று அதில் ஒரு வரி.

“ஆறு வருஷம் பட்டாளத்து லாரி ஓட்டினவர், தங்கச்சி. இப்ப கிளேபாங்கில மீன் லாரிக்கு ஐஸ்கட்டி தூக்குறார். நகரசபையில டிரைவர் வேலை காலியா இருக்குன்னு போனோம். இந்தத் தாளைப் பார்த்ததும் ஆபீஸ் கிராணி தொடக்கூட இல்லை. இந்த ஒரு வரியை மாத்திட்டா வேலை கிடைச்சிரும்லா.”

“மாத்த வைப்போம். ஓடினதுக்குக் காரணம்?”

“பிரசவம்.”

சாரதாவின் விரல்கள் நின்றன.

“ரெண்டு நாளா வலி. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில ஒரு ஆம்பளை இல்லை. ஆள் வந்து சொன்னதும் இவர் போட்டது போட்டபடி கிளம்பிட்டார்.”

“லீவு கேட்கலையா?”

“கேட்கலை.”

“சரி, திரும்பிப் போனதும் விசாரணையில இதைச் சொல்லியிருப்பாரே?”

“வாயே திறக்கலை. துரை மூணு தடவை கேட்டாராம். சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு விறைப்பா நின்னிருக்கார்.”

“நல்லா நின்னார்!” சாரதாவுக்கு மூக்கு விடைத்தது. “பொண்டாட்டி சாகக் கிடந்தான்னு சொல்றதுல என்னக்கா வெட்கம்? அந்தத் துரையையும் ஒருத்தி வலிச்சுத்தானே பெத்தா? இவர் வீம்புக்கு நீங்களும் பிள்ளையும் பட்டினி கிடக்கணுமா?”

மீனாச்சி சிரித்தாள். “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தங்கச்சி?”

“இல்லை. அதான் கோபம் இன்னும் மிச்சம் இருக்கு.”

குழந்தை எட்டி கார்பன் தாளைப் பிடித்து இழுத்தது. ஐந்து விரலும் நீலம். “சீதா, அக்கா அடிப்பாங்க” என்று மீனாச்சி தன் முந்தானையிலேயே அந்த விரல்களைத் துடைத்தாள்.

“பிரசவத்துக்கு மூணு நாள் போதாதான்னு கேட்பாங்க. ஒன்பது நாள் எதுக்கு?”

“அப்புறமும் செய்யவேண்டியது இருந்துச்சி.”

“எப்படியோ, பிழைச்சு வந்தீங்களே.”

மீனாச்சி நீலம் போகாத ஒரு விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாரதா அடித்தாள். அவள் அடிக்கிற அடியில் மேசைமேல் இருந்த காப்பிக் குவளை ஆடியது. கெஞ்சல் வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“ஆறு வருஷத்தில் ஒரு குற்றம்கூடப் பதிவாகாதவர்… மனைவியின் பிரசவத்துக்காகச் சென்றார்… உயிர் போகிற நேரத்தில் மனைவி பக்கத்தில் இருந்ததை ஒழுங்கீனம் என்று சொல்ல முடியாது. சரியா?”

“மனைவின்னா போட்டிருக்கே?”

“பின்னே? வேற என்னன்னு போடுறது?”

மீனாச்சி தெருவைப் பார்த்தாள். வாளி நிறைய மீனோடு ஒருவன் சைக்கிளில் போனான்.

“இருக்கட்டும். மனைவின்னே இருக்கட்டும்” என்றாள். “அவருக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சா வேணாம்பார். நான் கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?”

“நீங்க போட்டாத்தான் எடுபடும். பட்டாளத்து ஏட்டில சம்சாரம்னு உங்க பேருதானே இருக்கு? இவளோட பிறப்புப் பத்திரம் கொண்டாந்தீங்களா? தேதி சரியா இருந்தா எவனும் மறுக்க முடியாது.”

மீனாச்சி கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். சாரதா அதைப் பிரித்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். தேதி பொருந்தியது. அந்த ஒன்பது நாளில் இரண்டாவது நாள். தந்தை, சேதுராமன். பிறந்த இடம், ஈப்போ.

“ஈப்போவா? நீங்க இருக்கிறது இந்த ஊர்லதானே…”

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. தாய், விஜயா.

சாரதா நிமிர்ந்தாள். மீனாச்சி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

“அவ பிழைக்கலை, தங்கச்சி. அவளை எடுத்து அடக்கம் பண்ணி, காரியம் முடிச்சிட்டுத்தான் முகாமுக்குத் திரும்பினார். காரணத்தைச் சொன்னா வீட்டுக்குக் கடிதம் போடுவாங்க, எனக்குத் தெரிஞ்சிடும்னு வாயைக் கட்டிக்கிட்டார். நீக்கினப்புறம் பெட்டியோட இவளையும் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னார்.”

பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“மனைவின்னு அடிச்சியே, அதுக்குப் பக்கத்தில விஜயான்னு பேரைச் சேர்த்துடு. கீழே நான் கையெழுத்துப் போடுறேன்.”