அமெரிக்காவில் படிப்பவள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்தது, விசா கிடைக்கவில்லை. விண்ணப்பத்துக்காக என் முகம், குரல், நினைவுகளைக் கொடுத்து, கணினியில் என்னைப் போலவே பேசும் ஒரு நகல் செய்திருந்தேன். அதையே சேர்த்துக்கொண்டார்கள். உடம்பில்லாத மாணவிக்கு விசா வேண்டாமாம்.

நான் வீட்டுக்கு ஒரே பெண். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் ஈரோட்டு வீட்டு டிவியில் அவள் வருகிறாள்.

"அங்க குளுருதா கண்ணு? சாப்ட்டியா?" என்று அம்மா உருகுகிறாள்.

"அவளுக்கு ஏதும்மா வயிறு?" என்றேன்.

"உனக்குப் பொறாமைடி."

ஆமாம், பொறாமைதான். நான் சைக்கிளிலிருந்து விழுந்த கதையைச் சொல்லி வகுப்பில் கைதட்டல் வாங்கினாளாம். தழும்பு என் நெற்றியில் இருக்கிறது.

இன்று அவள் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டம்மா வந்தார். டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெட்டைப் புள்ளைங்களா?"

"இல்லீங்க," என்றாள் அம்மா. "அவ பெரியவ, அமெரிக்காவுல படிக்கறா. இது சின்னது, ஊட்டுலயே இருக்குது."

"எம் பையனுக்குப் பொண்ணு பாக்கறனுங்க. பெரியவ ஜாதகம் கெடைக்குங்களா?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து என் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தாள்.