கசக்குதா?

"கசக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"நிஜமா?"

"சத்தியமா. துளிகூட இல்ல."

தெளிப்பானை இன்னும் இரண்டு அமுக்கு அமுக்கினார் கசப்பு சிஸ்டர். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு வந்து, பார்க்கிறவர் முகத்தில் எல்லாம் கசப்பு மருந்தைத் தெளிக்க ஆரம்பித்த பிறகு, மருத்துவமனையில் ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சோதனை ரொம்ப எளிது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஜன்னல் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தலையில் கவிழ்த்து, அதன் ஓட்டை வழியாகச் சிஸ்டர் கசப்பு மருந்தைத் தெளிப்பார். வாயால் மூச்சு விட வேண்டும். நாக்கில் கசந்தால் கவசத்தில் எங்கேயோ இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். கசப்பு நுழைகிற இடத்தில் கிருமியும் நுழையும். அப்படிப்பட்டவர் கொள்ளைநோய் வார்டுக்குள் கால் வைக்க முடியாது.

காலையில் வந்திறங்கிய புதுக் கவசம் யார் முகத்துக்கும் பொருந்தவில்லை. பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்கு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார்கள். பதினைந்தாவதாக வந்தவன் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிப்பா உனக்கு மட்டும்?" கதவுக்கு வெளியே நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மருந்து கொடுக்கிறவர் எட்டிப் பார்த்தார். "எனக்கு ரெண்டாவது அமுக்குலயே குடல் வாய்க்கு வந்துடுச்சு."

"எல்லாம் முகராசிண்ணே."

சிஸ்டருக்கு மண்டை குடைந்தது. பதினான்கு முகத்துக்குச் சேராதது இந்த ஒட்டிய கன்னத்துக்கு மட்டும் எப்படிச் சேரும்? குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், திரும்ப முன்னால் வந்தார்.

"தலையை மேலயும் கீழயும் ஆட்டு."

ஆட்டினான்.

"ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் சத்தமா எண்ணு."

எண்ணினான். பன்னிரண்டு வருவதற்குள் அவன் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. மேல் விளிம்பு வழியாக மூச்சு கசியாமல் கண்ணாடியில் எப்படி ஆவி படியும்?

சிஸ்டர் உறையை எடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "தம்பி, என்கிட்ட மறைக்காதே. கசந்துது, நீ மென்னு முழுங்கிட்டே. அப்படித்தானே?"

"நான் எதுக்கு சிஸ்டர் பொய் சொல்லணும்?"

"உங்க அக்கா உள்ள இருக்காங்களே, அதுக்கு."

அவனுடைய அக்கா அதே வார்டில் நர்ஸாக இருந்தவள். நாலு நாளாக அதே வார்டில் நோயாளி. தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்தவளைத் தம்பி நேரில் பார்த்து ஒரு மாசமாகிறது.

"போகணும்னு ஆசை இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். நேத்து வரைக்கும் போன்ல கையாவது ஆட்டினா. இன்னைக்கு எடுக்கவே இல்ல. அவ நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. நானும் போகலைன்னா மெஷினை யாரு உள்ள தள்ளிக்கிட்டுப் போவா? எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். ஆனா கசக்கலைங்கறது பொய் இல்ல."

சிஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இரக்கப்பட்டு அனுப்பி, இவனும் படுத்துக்கொண்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"சரி, மாஸ்க்கைக் கழட்டு."

"கழட்டிட்டா எப்படி சிஸ்டர்?"

"மாஸ்க் இல்லாமலே அடிக்கிறேன். இதை முகம் கோணாம தாங்கின ஆளை நான் இன்னும் பார்க்கல. கசப்பை மறைக்க உனக்கு எவ்வளவு சாமர்த்தியம் இருக்குன்னு பார்த்துடலாம்."

விதிப்படி இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பத்து நாளைக்கு முன்புதானே எல்லோருக்கும் பார்த்தோம் என்று, வரிசையின் நீளத்தைக் கண்டு மலைத்து, சிஸ்டர் இன்றைக்கு அதை விட்டுவிட்டார்.

அவன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உறைக்குள் வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். சிஸ்டர் ஒரு அமுக்கு அமுக்கினார். அப்புறம் மூன்று. அப்புறம் கணக்கே இல்லாமல் அமுக்கித் தள்ளினார். கதவோரம் நின்ற மருந்து கொடுக்கிறவர், தனக்கே கசந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். உறையின் ஜன்னலில் துளித்துளியாக மருந்து வழிந்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி பொறுமையாகக் காத்திருந்தான்.

"அட, எவ்வளவு நேரம் சிஸ்டர் நாக்கை நீட்டிக்கிட்டே இருக்கறது? சீக்கிரம் அடிங்க. அக்கா அங்க காத்துக்கிட்டு இருப்பா."

சிஸ்டர் தெளிப்பானை மேசையில் வைத்தார். தன் முகக்கவசத்தை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டு, இரண்டடி பின்வாங்கி, அறை ஜன்னலை அகலத் திறந்தார்.

"பாதி பாட்டில் அடிச்சு முடிச்சாச்சு தம்பி. நீ பொய் சொல்லல, உன் நாக்குலதான் ருசி செத்துப் போயிருக்கு" என்றார். "மெஷினை வேற யாராவது தள்ளட்டும், அக்கா இருக்கற வார்டுலயே உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்றேன்."