பச்சோந்திக்கு விருந்து

"தின்னு ராசா. இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று கெஞ்சினான் ஜிலாலி. அவன் விரல்களுக்கிடையே ஒரு வெட்டுக்கிளி காலை உதறிக்கொண்டிருந்தது.

மாதுளங்கிளையில் உட்கார்ந்திருந்த பச்சோந்தி ஒரு கண்ணை அவன் மேலும் மறு கண்ணை வெட்டுக்கிளி மேலும் வைத்தது. நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் காலியாக இருந்தன.

இன்றைக்கு இது ஐந்தாவது. ஜிலாலி அதன் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தான். போதாது என்று பட்டது.

இதெல்லாம் பிரியத்தால் அல்ல. ஒன்பது நாள் முன்பு அவன் மனைவி கென்ஸா மூலிகைச் சந்தையிலிருந்து இதைச் சின்னக் கூண்டில் வாங்கி வந்தாள். வந்ததும் ஒரு மாதுளங்கிளையில் ஏற்றிச் சமையலறை ஆணியில் மாட்டினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் எந்தப் புருஷனும் அதைக் கேட்பதில்லை.

அன்றே மூலிகைக் கடைக்கார நண்பன் ஹம்மூவிடம் ஓடினான்.

"வேற எதுக்குடா வாங்குவாங்க? உசுரோட தணல்ல போடுவாங்க. பட்டுன்னு வெடிச்சா புருஷன் யோக்கியன். சத்தமில்லாம உருகிடுச்சுன்னா அவன் சோலி முடிஞ்சுது," என்றான் ஹம்மூ. "உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? சாயக்காரத் தெருவுல அந்த விதவை வீட்டுக்கு வியாழக்கிழமை தவறாம போறியே, அதுக்கா?"

"டீ குடிக்கத்தான் போறேன்."

"அப்ப எதுக்குப் பயம்?"

முதல் மூன்று வியாழக்கிழமைகளுக்குத்தான் அந்த டீக் கதை செல்லும்.

"அதை எங்கயாவது விட்டுட்டு வந்துரவா?" என்று கேட்டான் ஜிலாலி.

"இன்னொண்ணு வாங்குவா. முதல்ல வாங்குனது எப்படிக் காணாம போச்சுன்னும் யோசிப்பா. நான் இத்தனை வருஷமா பாக்குறேன், கொழுத்ததுதான் வெடிக்குது. எலும்பும் தோலுமா இருக்கறது உருகிடுது. போய் நல்லா தீனி போடு."

அன்று பிடித்தது சனி. அவனுடைய செருப்புத் தைக்கும் கடையில் பாதி தைத்த மஞ்சள் செருப்புகள் குவிந்தன. விடிந்ததும் ஜிலாலி ஊர்வாசலுக்கு வெளியே ஒலிவத் தோப்பில் வெட்டுக்கிளி தேடிக் குனிந்துகொண்டிருப்பான்.

கென்ஸா ரொட்டி மாவைத் தெருவின் பொது அடுப்புக்குச் சுமந்து போகும் நேரம்தான் அவனுக்கு வாய்த்த நேரம். கிளையோடு அதை மாடிக்குத் தூக்கிப் போவான். குளிர்ந்தால் அது கறுத்துப் போய் எதையும் தின்னாது என்பதால் முதலில் வெயில் காட்டுவான். கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பியும் பார்க்காது. இலை மேல் தெளித்தால் சொட்டுச் சொட்டாக நக்கும். இதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

அவள் திரும்புவதற்குள் கிளையைச் சமையலறையில் அதே ஆணியில் மாட்டிவிடுவான். ரமலானுக்கு இரண்டு வாரமே இருந்தது. கீழே தேனில் ஊறிய எள்ளு முறுக்குத் தட்டுகள் வரிசையாக இருந்தன. கிளை அவற்றுக்கு நேர் மேலே தொங்கியது.

பகலெல்லாம் கடையில் ஊசி விரலில் ஏறியது. தெருவில் யாராவது கரி மூட்டினால் ஊசியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். மாலை வீடு நுழைந்ததும் மனைவி முகத்தைப் பார்க்கும் முன் கிளையைப் பார்ப்பான்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது கென்ஸா அலுத்துக்கொண்டாள். "இதுக்கு என்ன நோவோ தெரியலங்க. கண்ணு முன்னாடி இருக்கறதைக்கூடத் தொட மாட்டேங்குது. சும்மா தூங்குது."

அவளும் அதன் உடம்பைத்தான் கவனிக்கிறாள் என்று ஜிலாலி நினைத்துக்கொண்டான்.

இன்று கடையில் இருப்புக்கொள்ளவில்லை. நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்.

சமையலறையில் கரியடுப்பு செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. கென்ஸா ஆணியிலிருந்து கிளையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"கென்ஸா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"இன்னும் ஒரு வாரம் போகட்டும். கொஞ்சம் சதை புடிக்கட்டும். தினம் நானே அஞ்சு வெட்டுக்கிளி ஊட்டிட்டு இருக்கேன், இப்பத்தான் வயிறு தெரியுது. இப்ப போட்டா உருகிடும். வல்லாஹி, அல்லா மேல சத்தியமா சொல்றேன், ஒல்லியா இருந்தா எந்தப் புருஷனுக்கும் அது உருகத்தான் செய்யும். வேணும்னா ஹம்மூகிட்ட கேட்டுப் பாரு."

கென்ஸா தணலைப் பார்த்தாள். பச்சோந்தியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஊட்டுனது நீங்கதானா? அதான் ஒரு ஈயைக்கூட புடிக்கல. தேன் தட்டுல ஈ மொய்க்குதேன்னு இதை வாங்கினேன். வேலைக்கு ஆகலன்னு திருப்பிக் குடுக்கத்தான் எடுத்தேன். அடுப்பு முறுக்கு சுட."

ஒன்பது நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஜிலாலியிடமிருந்து வெளியே வந்தது. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

கென்ஸா சிரிக்கவில்லை. கிளையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்து, விரல்களில் ஒட்டியிருந்த தேனை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"யாரு அவ?"