நாற்பத்தோராம் கேள்வி

மதிப்பீட்டு அதிகாரிகளுக்கு நாக்கு கிடையாது என்று பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது பிழை. நாக்கு உண்டு. தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தின் படிவத்தில், நாற்பத்தோராம் கேள்வியில், அதற்குப் பத்து மதிப்பெண்ணும் உண்டு.

இந்த அதிகாரியின் நாக்கு சில மாதங்களாகக் கசந்துகொண்டிருந்தது.

காரணம், மகள். ஐந்தாம் வகுப்பு. வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள்.

மனைவிக்கு மாலை ஷிப்ட். அதனால் அடுப்படி எப்போதுமே அவர் ராஜ்ஜியம். இந்த வேலைக்கு வந்த மூன்று வருஷமாக உப்பு, எண்ணெய் எல்லாமே திட்டத்தின் உணவுப் பட்டியல்படி கிராம் கணக்கில் அளந்துதான் போடுவார்.

குருவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்வாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஸ்கூல் அக்கா வைக்கிற பருப்பு மாதிரி வராதுப்பா."

அந்த 'ஆனா'வில் அவருக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள், எந்தப் பள்ளி யாருக்கு என்ற குலுக்கலில் குருவியின் பள்ளியே அவருக்கு விழுந்தது. சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளி என்றால் வேறு அதிகாரிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. விதிகளை எண்ணோடு ஒப்பிப்பவர், அன்று மட்டும் மறந்துபோனார்.

"வாங்க சார். தரை ஈரம், பாத்து," என்றாள் சமையல்கார அக்கா. அவர் யாருடைய அப்பா என்று அவளுக்குத் தெரியாது. மொத்தம் ஐம்பதுக்குக் குறைந்தால் வேலை போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

ஒரு கரண்டிப் பருப்பை வாயில் வைத்தார். நாக்கு பத்து என்றது. எங்கேயோ பழகின ருசி என்றும் சொன்னது. பொறாமைக்கு ஞாபகசக்தி குறைவு. பேனா மூன்று என்று எழுதியது.

"பூண்டு கருகியிருக்கே?"

"கருக விட்டதுதான் சார்."

"எலுமிச்சை வேற. பட்டியல்ல இருக்கா?"

"இல்லதான்..."

'பட்டியல்படி சமைத்தல்: பூஜ்யம்.' கூட்டினார். நாற்பத்தெட்டு. உள்ளே யாரோ விசிலடித்த மாதிரி இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"இந்தப் பருப்பாலயா சார்? இது என் கைவேலையே இல்ல. நாலு வருஷம் முன்னாடி, ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு தட்டையே தொட மாட்டா. என்னடி வேணும்னேன். 'எங்கப்பா பருப்புதான் வேணும். அதுல கறுப்புப் பூண்டு இருக்கும், புளிப்பா இருக்கும்'னா. ஒரு வாரம் அவளையே ருசி பாக்க வச்சேன். 'இன்னும் கறுப்பா, இன்னும் கறுப்பா'ன்னு உசிரை வாங்கினா. கடைசியில ஒருநாள் சிரிச்சா பாருங்க! அன்னையிலேர்ந்து மொத்த ஸ்கூலும் இதைத்தான் கேக்குது. அவளே மறந்துட்டா. இப்ப 'அக்கா பருப்பு, அக்கா பருப்பு'ன்னு சுத்துறா. யாரு பெத்த மனுஷனோ, என்ன கைப்பக்குவம்! எனக்கே பொறாமையா இருக்கும் சார்."

"எந்தப் பொண்ணு?"

"இப்ப அஞ்சாவது. குருவின்னு கூப்பிடுவோம்."

அதிகாரி இன்னொரு கரண்டிப் பருப்பை வாயில் வைத்தார். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். 'என் உறவினர் எவரும் இப்பள்ளியில் பயிலவில்லை.' எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம். டிக் இல்லையென்றால் மதிப்பீடே செல்லாது.

அந்த வரியை அடித்துவிட்டு, 'மகள் பயில்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் வேறொரு அதிகாரி வந்து ருசிக்கு ஒன்பது போட்டார். மொத்தம் ஐம்பத்து நான்கு. அக்கா வேலையில் தொடர்ந்தாள். முதல் அதிகாரிக்கு ஒரு மெமோ வந்தது.

மெமோ வந்த அன்று மாலை, அவர் வீட்டு அடுப்படியில் பூண்டு கருகியது.

குருவி ஒரு வாய் வைத்தாள். கண் விரிந்தது.

"அப்பா! எங்க ஸ்கூல் அக்காகிட்ட கத்துக்கிட்டியா?"

அதிகாரி எலுமிச்சை மூடியைக் கீழே வைத்தார்.

"ஆமா."

குருவி இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள்.