கீழே இருக்கும் பெயர்

நாட்டின் பாதி மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களைச் சேமித்துவைக்க நம்பியிருந்த திறந்தமூலத் தரவுத்தள மென்பொருளில் பிழைகளைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் இயந்திரங்கள்தான். ஆனால் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடியில், தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஞானசெல்வம் அந்தப் பெயரைக் கொடுத்துவந்தார். திரையில் திருத்தம் வரும். 'சம்மதம்' என்பதை அழுத்துவார். ஆரம்பத்தில் படித்துப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், என் வீட்டுக்காரருக்கு வேற குரூப் ரத்தம் ஏத்திட்டாங்க. ஆள் போயிட்டாரு. போன வாரம் வந்த திருத்தத்துல ரெக்கார்டு மாறிப்போச்சாம். அதுக்குக் கீழ உங்க பேருதான் இருக்கு."

கைகூடக் கழுவாமல் மாடியேறி அந்தத் திருத்தத்தைத் திறந்தார்.

"என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க சார். எங்க மாமியார் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

"எனக்கும் புரியலம்மா."

"அப்ப எதுக்கு சார் உங்க பேரு?"

அவள் போனை வைத்துவிட்டாள். தனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தார். எதுவும் வரவில்லை.

திரையில் அடுத்த திருத்தம் வந்து நின்றது. அதே பிழையைச் சரிசெய்ய இயந்திரம் எழுதியது. அதுவும் அவருக்குப் புரியவில்லை. நிறுத்திவைத்தால் இன்னும் யார் யாருக்கோ தப்பான ரத்தம் ஏறும்.

"குழம்பு ஆறிப்போவுது, வாங்க!" என்று கீழேயிருந்து மனைவி பிலோமினா கூப்பிட்டாள்.

"இந்தா வாறேன்" என்றவர் 'சம்மதம்' அழுத்தினார். இறங்கி வந்து, தட்டில் மீதியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.